நினைவகம் கூடியதால் கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள் எவ்வாறு வேகமடைந்தது?

கேள்வி: கணினிவழி வடிவமைப்பில் கூடுதல் நினைவகம் வேகத்தைக் கூட்டியது எவ்வாறு? செயலியின் பங்கே பெரிதென்று எண்ணியிருந்தேன்.

மறுமொழி 1: ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட தொகுப்பு நினைவகத்தில் அடங்காதபோது, இயங்குதளம் அதன் பகுதிகளை வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே மாற்றிக்கொண்டே இருப்பதால், எத்தனை விரைவான செயலியும் காத்திருக்கவே நேரும். 32 பிட் விண்டோசில் ஒரு நிரலுக்கு இயல்பாகக் கிடைத்த முகவரி வெளி, அதாவது அந்நிரல் பயன்படுத்தக்கூடிய நினைவக அளவு, 2 ஜிபி மட்டுமே. அது தீர்ந்தால் மென்பொருள் பெரும்பாலும் முறிந்துவிடும், சேமிக்காத வேலையும் போய்விடும். 64 பிட் பதிப்புகள் வந்த பின்னரே பெரிய நினைவகம் முழுமையாகப் பயன்பட்டது.

மறுமொழி 2: உடன்படுகிறேன். ஆயினும், கோப்பு முழுதும் அடங்கிய பின் மேலும் நினைவகம் சேர்ப்பது வீண்; வடிவவியலை மீளக் கணக்கிடும் வேலை பெரும்பாலும் செயலியின் ஒரே கோரில் (கணக்கிடும் அலகில்) நடப்பதால், அங்கே வேகத்தைச் செயலியே தீர்மானிக்கிறது.

மறுமொழி 3: கூடுதல் நினைவகம் வாங்குமுன், உங்கள் மிகப் பெரிய கோப்பைத் திறந்து, விண்டோசின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாட்டைப் பாருங்கள்.