தெருவைப் பற்றிய அறிவை யார் திரட்டுவது, எங்கே வைப்பது? (காரைக்குடிப் பகுதி)

கேள்வி: செஞ்சை வாசி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் முதலிய பக்கத்து ஊர்களும் அதே நிர்வாகத்தின்கீழ் வந்தன. சாலை, வடிகால், குடிநீர், குப்பை ஆகியவை பற்றிய முடிவுகள் இனி முன்பைவிடப் பெரிய பரப்பை மனத்தில் கொண்டு எடுக்கப்படும். முடிவெடுப்பவர்கள் கையில் நில அளவை வரைபடமும் சொத்துவரிப் பதிவேடும் ஒப்பந்த மதிப்பீடும் இருக்கும். ஐப்பசி மழையில் எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் நிற்கும், எந்த வரத்துக்கால் (ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்கால்) யாருடைய சுற்றுச்சுவருக்கு அடியில் போகிறது, சக்கர நாற்காலியில் வருபவர் நியாயவிலைக் கடைக்கு எந்த வழியாகப் போக முடியும் என்பவை அந்தத் தாள்கள் எதிலும் இல்லை. அவற்றை அறிந்தவர்கள் குழாய்க்கு வால்வு திறப்பவர், தூய்மைப் பணியாளர், பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளை (நடுமுற்றம் வைத்த பழைய பெரிய வீடுகளை) பார்த்துக்கொள்பவர், விடியலில் கூடை தூக்கி வந்து கீரை விற்கும் பெண் போன்றோர்.

இந்த அறிவைத் திரட்டி ஊருக்குப் பொதுவாக வைக்க வேண்டும் என்று எங்கள் பகுதியில் சிலர் விரும்புகிறோம். வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதில் பேசுபவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்கள். வாடகைக்கு இருப்பவர்களும் கைப்பேசி பழகாத முதியவர்களும் அதில் இல்லை, இருந்தாலும் பேசுவதில்லை. அங்கே சொல்லப்படும் நல்ல தகவலும் அடுத்த நாள் வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. எல்லாரையும் உட்கொண்ட, நீடித்து நிற்கக்கூடிய ஓர் ஏற்பாட்டை எப்படித் தொடங்குவது? திரட்டியதை எங்கே வைப்பது? மாநகராட்சி அதற்குக் காது கொடுக்க என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

பதில்: ஊருணிக்கரை

ஐயா, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திரட்டத் தொடங்கினால் எதுவும் முடியாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் அந்தப் பொருள் மழைநீராக இருப்பதே இயல்பு என்பது என் கருத்து.

நம் பழைய வீடுகளில் நாட்டு ஓட்டுச் சரிவுகள் வளவை நோக்கி இறங்குகின்றன. மழைநீரை அங்கே அண்டாக்களில் பிடித்துக்கொண்டார்கள். மிஞ்சியது தெரு வடிகாலுக்குப் போனது, அங்கிருந்து வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு, ஊருணி நிறைந்தால் கண்மாய்க்கு. கட்டம் கட்டமாக அமைந்த தெருக்களின் சரிவே இந்த ஓட்டத்தைத் தாங்கியது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேச உலகப் பாரம்பரியப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றபோது பலரும் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தளக்கற்களையும் பற்றித்தான் பேசினார்கள். மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில் இத்தனை பெரிய ஊர்கள் நிலைத்ததற்கு இந்த நீர் ஏற்பாடும் ஒரு காரணம் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. சம்பை ஊற்றின் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் காரைக்குடிக்காரர்கள், அத்தகைய ஊற்று வற்றாதிருக்க மழை மண்ணுக்குள் இறங்க இடம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று சிமெண்டுச் சாலைமேல் சிமெண்டுச் சாலை போட்டுப் பல தெருக்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டன. வரத்துக்கால் சில இடங்களில் மூடப்பட்டது, சில இடங்களில் கழிவுநீர்க் கால்வாயாக மாறியது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது, அது நல்ல சட்டம். ஆனால் அது வீடு வீடாகக் குழி தோண்டுவதைப் பற்றியது. ஒரு தெருவின் தண்ணீர் முழுவதும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி அதற்கு வெளியே நிற்கிறது. அதற்கு விடை சொல்ல, மழை பெய்துகொண்டிருக்கும்போதே வரத்துக்காலோடு நடந்து பார்க்க வேண்டும். யாரோடு நடப்பது என்பதில்தான் உங்கள் முயற்சியின் தன்மை தீர்மானமாகும்.

அந்தப் பகுதியில் வேலை பார்த்த கொத்தனார், தூய்மைப் பணியாளர், மேட்டிலும் பள்ளத்திலும் குடியிருக்கும் பெண்கள், நடக்கச் சிரமப்படும் ஒருவர் ஆகியோர் கூட வர வேண்டும். தினக்கூலி பெறுபவர்களுக்கு அன்றைய கூலியைக் கட்டாயம் கொடுங்கள். ஓய்வூதியம் பெறுபவர் ஒரு வேலை நாளைச் செலவிடுவதும், சித்தாள் வேலைக்குப் போகும் பெண் ஒரு நாளை விட்டு வருவதும் ஒன்றல்ல. கூலி கொடுக்காமல் 'மக்கள் பங்கேற்பு' என்று சொன்னால் அந்த மக்களில் பாதிப் பேர் வர முடியாதபடி நாமே செய்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊருணியின் பெருமையைப் பேசும்போது, எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் நம் பக்கத்து ஊர்களில் இருந்ததை மறைக்கக் கூடாது. அப்படி விலக்கப்பட்டவர்களின் வீட்டார் உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசத் தயங்கினால் அதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆகவே கூட்டத்தை அவர்கள் தெருவில் வையுங்கள். அவர்கள் சொல்வதை நீங்கள் குறித்துக்கொண்டு போவதோடு நிறுத்தாமல், பதிவைத் திருத்தும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுங்கள்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயப்படுபவர்களுக்கு ஓர் உதாரணம். மும்பையில் 1985-இல் நடைபாதையில் குடியிருந்தவர்கள், ஸ்பார்க் என்ற அமைப்பின் துணையோடு, தங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். இடிப்பு அச்சுறுத்தல் தலைமேல் இருந்த காலம் அது. எத்தனை குடும்பங்கள், எங்கிருந்து வந்தவர்கள், என்ன தொழில் என்று அவர்கள் காட்டிய பிறகுதான், அதுவரை கணக்கில் வராதவர்களாக இருந்த அவர்களோடு பேச வேண்டிய கட்டாயம் அதிகாரிகளுக்கு ஏற்பட்டது. பதிவு அவர்கள் கையில் இருந்ததால் பேச்சும் அவர்கள் கையில் இருந்தது.

பதில்: நூலகப் பணியில் இருந்தவன்

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். கிளை நூலகத்தில் வையுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நம் சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆகவே அது யாருடைய தயவாலும் நடக்கும் இடமன்று, எல்லாரும் உரிமையோடு நுழையலாம். தனியார் வீட்டின் முகப்பிலோ ஒரு சங்கத்தின் அலமாரியிலோ வைத்த பதிவேடு, அந்த வீட்டாரின் மனநிலையையும் சங்கத்தின் தேர்தலையும் பொறுத்தே வாழும்.

நம் பகுதிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் தனிமனிதராக நூல்களையும் இதழ்களையும் விளம்பரத் தாள்களையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, 1994-இல் அது சென்னைக்குப் போனது. இன்று அது உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது, அழியாமல் காப்பாற்றப்பட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் சேர்த்த ஊரிலேயே அதை வைத்துக் காக்க ஒரு பொது ஏற்பாடு இல்லாமல் போனது எனக்குத் தீராத வருத்தம். 1917-இல் இந்து மதாபிமான சங்கத்தையும் 1939-இல் கம்பன் கழகத்தையும் கண்ட காரைக்குடிக்குப் பொது வேலைக்கு ஆள் சேரத் தெரியும். சொல்லறிவுக்காகச் சேர்ந்த அந்த ஊக்கம் கையறிவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

பதிவேட்டின் ஒவ்வொரு குறிப்பிலும் நாள், சொன்னவர், நேரில் போய்ச் சரிபார்த்தவர் ஆகிய விவரங்கள் இருக்கட்டும். சொன்னவர் பெயர் வேண்டாம் என்றால் தெருவை மட்டும் எழுதுங்கள். இருவர் முரண்பட்டுச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அடிக்காதீர்கள். வரைபடத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றலாம். அது யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது, யாரும் திருத்தக்கூடியது.

எழுதக் கூடாதவையும் உண்டு. எந்த வளவு வீடு எத்தனை மாதம் பூட்டியிருக்கிறது என்று பட்டியல் போட்டால், நிலைக்கதவையும் தூணையும் பெயர்த்து விற்பவர்களுக்கு நாமே வழிகாட்டியவர்கள் ஆவோம். தனித்து வாழும் முதியவரின் முகவரியும் பங்காளிகளின் வழக்கும் அப்படியே. அவை பொதுப் பதிவேட்டுக்கு உரியவை அல்ல.

பதில்: கடல் கடந்த வீட்டுக்காரன்

நான் கோலாலம்பூரில் இருக்கிறேன், வீடு பள்ளத்தூரில். என்னைப் போன்றவர்களின் வீடுகளில் பத்து, இருபது பங்குதாரர்கள் உண்டு. ஆகையால் வடிகாலைத் திறப்பதற்குக்கூட யாரிடம் அனுமதி கேட்பது என்பது பெரிய சிக்கல். பத்திரமும் பழைய வரைபடமும் எங்களிடம் இருக்கின்றன. ஆனால் வீட்டின் தண்ணீர் இன்று எப்படிப் போகிறது என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குத்தான் தெரியும். பங்குதாரர்கள் சேர்ந்து ஒரே ஒரு அனுமதிக் கடிதம் எழுதி, பொதுக் காரியங்களில் அவரே பேசலாம் என்று சொல்லிவிடுவது எளிது. எங்கள் பங்காளிகளிடம் இதை எடுத்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

ஊர் தானே கணக்கு வைத்துக்கொள்வது செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாருக்குப் புதிதன்று. திருமணமான ஒவ்வொரு இணையையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, அதன்படி கோயில் வரி வாங்கும் வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. அதிலுள்ள ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஒரு சமூகத்தாரை மட்டுமே எண்ணும் கணக்கு. நீங்கள் தொடங்கும் பதிவேட்டில் எங்கள் வீட்டின் மூன்றாங்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவரும் ஒரு புள்ளியாக வேண்டும்.

பதில்: தேவகோட்டைக்காரி

நூலகம் நல்ல இடம்தான். ஆனால் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் பெண்கள் அதை எப்போது பார்ப்பார்கள்? பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்தவற்றை மாதம் ஒருமுறை நியாயவிலைக் கடை வரிசையிலும் தேநீர்க் கடையிலும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். 'அது தவறு, அங்கே குழாய் இல்லை' என்று யாராவது சொல்வார்கள். அந்தத் திருத்தம்தான் மிகவும் மதிப்புள்ளது.

மாநகராட்சி கேட்க வேண்டுமானால், சட்டம் ஏற்கெனவே திறந்து வைத்துள்ள வாசல்களில் போய் நில்லுங்கள். தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வந்தன, அதே ஆண்டு உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அங்கே 'எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது' என்று சொன்னால் அது முறையீடு, மனுவோடு மனுவாகப் போகும். எந்த மழைக்கு எவ்வளவு நேரம் நின்றது, எந்த இடத்தில் அடைப்பு, அங்கே பழைய வரத்துக்கால் எது என்று தெருவாரின் கையொப்பத்தோடு கொடுத்தால், பொறியாளர் அதற்கு எழுத்தில் விடை சொல்லும்படி கேட்கலாம். பணி மதிப்பீடுகளை நீங்களும் படிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே பொது அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது.

கீரை விற்கும் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். இது அவர்களுக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். அறிவுப் பரிமாற்றம் என்றால் அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்வது மட்டுமன்று.

பதில்: நூலகப் பணியில் இருந்தவன்

அம்மா சொல்வது சரி. மூலப் பதிவேடு நூலகத்தில் இருக்கட்டும், படித்துக் காட்டுவதற்கான நகல் தெருவுக்குப் போகட்டும். திருத்தங்களை வாரம் ஒருமுறை மூலத்தில் ஏற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஆண்டுதோறும் தெரு மாறி வர வேண்டும்.

கேள்வி கேட்டவர்: செஞ்சை வாசி

அனைவருக்கும் நன்றி. மழைநீரிலிருந்தே தொடங்குகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரே ஓர் ஊருணியின் வரத்துக்கால்களை நடந்து பார்த்து எழுதிவிடுவதும், மழையின்போது அவற்றைச் சரிபார்ப்பதும் முதல் வேலை. கூலிக்கான பணத்தைத் தெருவில் திரட்டலாமா, வெளியூரில் இருப்பவர்களிடம் கேட்கலாமா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வெளியிலிருந்து பணம் வந்தால், பணம் கொடுத்தவர் விருப்பப்படி பதிவேடு போய்விடுமோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது.

பதில்: ஊருணிக்கரை

அந்த அச்சம் நியாயமானது. இரண்டையும் வாங்குங்கள். ஆனால் ஒவ்வொரு வீடும், வாடகை வீடு உட்பட, முடிந்த சிறு தொகையாவது கொடுத்து அது பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்படட்டும். வெளியூர்ப் பணம் கூலிக்கும் தாளுக்கும் மட்டும் என்று முன்பே எழுதி வைத்துவிடுங்கள். என்ன எழுதுவது, எதை விடுவது என்ற முடிவு நடந்து பார்த்தவர்களின் கூட்டத்துக்கு மட்டுமே உரியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதி, எல்லார் கையொப்பமும் கைநாட்டும் வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.