இடது பின்சக்கர பேரிங் மட்டும் அடிக்கடி போய்விடுகிறது: எங்கே பார்க்க வேண்டும்?

நெய்தல்வழி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய ஹேட்ச்பேக் கார். பின்புறம் டிரம் பிரேக்; பேரிங் (சக்கரம் இலகுவாகச் சுழல உதவும் உருண்டைகள் கொண்ட வளையம்) டிரம்முக்குள்ளேயே பிரஸ் செய்யப்பட்டிருக்கும், அதாவது அழுத்து இயந்திரத்தால் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும் வகை. பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடுகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை இதன் இடது பின்சக்கர பேரிங் போய்விடுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினாலே பின்னிருக்கையில் இருப்பவர்கள் பேசுவது கேட்காத அளவுக்கு உறுமல் எழுகிறது. வலது பக்கத்திலோ, கார் வாங்கியபோது இருந்த பேரிங்கே இன்றுவரை எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெவ்வேறு நிறுவனங்களின் பேரிங்குகளைப் போட்டுப் பார்த்தாயிற்று. டயரும் ரிம்மும் கம்பெனி கொடுத்த அளவிலேயே உள்ளன. வீல் அலைன்மென்ட் அறிக்கையில் பின்சக்கரங்களின் கோணங்கள் வரம்புக்குள்தான் இருக்கின்றன. சாலைப் பள்ளங்களும் கடற்காற்றின் உப்பும்தான் காரணம் என்கிறார் பட்டறைக்காரர். அப்படியானால் வலது பக்கம் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. இன்னொரு பேரிங் வாங்குவதற்கு முன் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஸ்பானர்:

வணக்கம். ஒரு பக்கம் மட்டுமே போகிறது என்பதுதான் நீங்கள் தந்த தகவல்களில் மிக முக்கியமானது. பள்ளமும் உப்பும் இரு பக்கத்துக்கும் பொது. இடதுபக்கச் சக்கரங்கள் சாலையோரத்துப் பள்ளங்களிலும் தேங்கிய நீரிலும் சற்றுக் கூடுதலாக அடிபடும் என்பது உண்மையே. ஆனால் பல வருடங்கள் உழைக்க வேண்டிய பேரிங்கைச் சில மாதங்களில் தின்றுவிட அந்த வேறுபாடு மட்டும் போதாது. பேரிங் உட்காரும் இடத்திலோ அதைப் பொருத்தும் முறையிலோ கோளாறு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

முதலில் சத்தம் பேரிங்கினுடையதுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தாலும் இதே உறுமல் வரும். பின் டயர்களை முன்னுக்கு மாற்றியதும் சத்தமும் முன்னுக்கு வந்தால் குற்றவாளி டயர். ஒரே வேகத்தில், பாதுகாப்பான இடத்தில், வண்டியை மெல்ல வலப்பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடினால், எடை சாயும் இடதுபக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, கழற்றிய பேரிங்கைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதை அறுத்துப் பார்க்காமல் புதியதைப் போடுவது நோயைக் கேட்காமல் மாத்திரை கொடுப்பதற்குச் சமம். சீலை (நீரும் தூசியும் புகாமல் மூடும் தடுப்பை) பெயர்த்து, ஆங்கிள் கிரைண்டரால் அவுட்டர் ரேஸை (பேரிங்கின் வெளி வளையத்தை) இரண்டாக அறுத்து, கிரீஸைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் உருண்டைகள் ஓடும் தடங்களைப் பாருங்கள். கடினப்படுத்திய எஃகு என்பதால் சுத்தியல் பட்டால் சில்லு சில்லாகத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. உருண்டைகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் தடத்தில் வரிசையாகக் குழிகள் இருந்தால், பொருத்தும்போது தவறான ரேஸில் அழுத்தியிருக்கிறார்கள் அல்லது அடித்திருக்கிறார்கள் என்று பொருள். கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்தோ துருவேறிப் பழுப்பாகவோ இருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது. ரேஸ் நீலம் பாய்ந்திருந்தால் அது அளவு மீறிய சூட்டின் அடையாளம். அவுட்டர் ரேஸின் வெளிப்பரப்பு கண்ணாடிபோல மெருகேறியிருந்தால், அது டிரம்முக்குள் இறுக்கமாக நிற்காமல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் பலர் கவனிப்பதே இல்லை.

கடைசல் பட்டறை:

மேலே நண்பர் கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் லேத் பட்டறைக்கு வரும் டிரம்களில் நான் அதிகம் காண்பது அதைத்தான்.

உங்கள் வகைக் காரில் இன்னர் ரேஸ் (உள் வளையம்) ஸ்டப் ஆக்சிலின் (சுழலாத குட்டை அச்சின்) மேல் அசையாமல் நிற்க, அவுட்டர் ரேஸ் டிரம்மோடு சேர்ந்து சுற்றுகிறது. வண்டியின் எடை எப்போதும் ஒரே திசையில் இறங்குவதால், சுற்றுகிற அவுட்டர் ரேஸின் ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கு ஒருமுறை அந்த எடையைத் தாங்கிச் செல்கிறது. ஆகவே இன்னர் ரேஸ் கையால் நுழையும் அளவுக்கு இருந்தாலும் பரவாயில்லை. அவுட்டர் ரேஸ் மட்டும் டிரம்மின் துளைக்குள் பிரஸ் இல்லாமல் இறங்கவே கூடாது. அந்த இறுக்கம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பழைய பேரிங்கை உளியும் சுத்தியலும் கொண்டு ஒரே ஓரத்தில் அடித்து வெளியேற்றும்போது துளையின் சுவர் கீறுபடும், ஓவலாகும், அந்தச் சிறு இறுக்கம் காணாமல் போகும். அடுத்த பேரிங் இலகுவாக இறங்குவதைக் கண்டதும் சிலர் துளையின் சுவரில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் வரிசையாகப் புள்ளி குத்தி "டைட்" வைத்துவிடுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும். பேரிங் அந்தப் புள்ளிகளின் நுனிகளில் மட்டும் தாங்கி நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் நுனிகள் நசுங்கியதும் மறுபடி வழுக்கத் தொடங்கும்.

எனவே டிரம்மின் துளையை போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில், மேலும் கீழும் அளக்கச் சொல்லுங்கள். அளவுகள் தம்முள் வேறுபட்டால் அந்த டிரம்மில் எந்த நிறுவனத்தின் பேரிங்கும் நிலைக்காது.

இன்னொன்றையும் விசாரியுங்கள். பழைய வண்டிகளில் இருந்த டேப்பர் ரோலர் பேரிங்கில் (உருண்டைகளுக்குப் பதில் கூம்பு உருளைகள் கொண்டது) நட்டை இறுக்கிவிட்டுச் சற்றே தளர்த்துவது சரியான முறை. உங்கள் காரில் இருப்பது போன்ற இரட்டை வரிசை சீல்டு பேரிங்கில் அதுவே கேடு. இதன் இன்னர் ரேஸ் இரண்டு துண்டுகளாக இருக்கும்; நட்டின் முழு இறுக்கத்தில் அவை ஒன்றோடொன்று முட்டி நின்றால்தான் உள்ளே சரியான இடைவெளி அமையும். பல கார்களில் அந்த இறுக்கம் 100 நியூட்டன் மீட்டருக்கும் மேல். உங்கள் காருக்கு உரிய அளவை சர்வீஸ் கையேட்டில் பார்த்து, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால்) மட்டுமே இறுக்க வேண்டும்.

மேட்டுச்சாலை:

துளைதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இரு பின் டிரம்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து முழுமையாகத் திரும்பாவிட்டால், அந்தப் பக்க டிரம் ஓயாமல் உரசிச் சூடேறும். சாதாரண லித்தியம் கிரீஸ் தொடர்ந்து தாங்கும் வெப்பம் சுமார் 120 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரைதான். அப்படிச் சூடேறிய டிரம் மழைநீர்த் தேக்கத்தில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி சீல் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரிம் மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் வரும் கூடுதல் சுமையை விட்டுவிடலாம். இருப்பினும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு (சுமை × சுமை × சுமை) எதிர்விகிதத்தில் குறைகிறது. சுமை கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் இடைத்தட்டு) போடுபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும்.

நெய்தல்வழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே பார்த்தேன். இரு டிரம்களும் கை வைக்கக்கூடிய ஒரே இளஞ்சூட்டில்தான் இருந்தன. ஆகவே பிரேக் உரசவில்லை. பேரிங்கைக் கழற்றும்போது பிரஸ்ஸை ஏற்ற வேண்டிய தேவையே இல்லாமல், லேசாகத் தட்டியதும் அது வெளியே வந்துவிட்டது. அவுட்டர் ரேஸின் வெளிப்புறம் பளபளவென்று இருக்கிறது; ஆங்காங்கே செம்பழுப்புத் தூள் படிந்திருக்கிறது. அறுத்துப் பார்த்ததில் கிரீஸ் நல்ல நிறத்தில்தான் உள்ளது. ஆனால் அவுட்டர் ரேஸின் தடம் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. டிரம்மின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பாதி நசுங்கிய பஞ்ச் புள்ளிகள் வட்டமாகத் தெரிகின்றன. துளைக்கு ஸ்லீவ் (உள்ளே செருகும் உலோகக் குழாய் உறை) போட்டு இதே டிரம்மைக் காப்பாற்ற முடியுமா?

கடைசல் பட்டறை:

ஐயத்துக்கு இனி இடமில்லை. எதிரெதிரான இரண்டு இடங்களில் தடம் பெயர்வது, ஓவலான துளை ரேஸை இரு பக்கமும் கவ்விப் பிடித்ததன் தெளிவான அடையாளம். அந்தச் செம்பழுப்புத் தூளும் நீரால் வந்த துரு அன்று. உலோகத்தோடு உலோகம் நுண்ணிதாக உரசியதால் உண்டானது.

ஸ்லீவ் போடலாம், ஆனால் அதற்காகத் துளையைப் பெரிதாகக் கடைந்தால் சுவர் மெலியும், பிரேக் பரப்பும் துளையும் ஒரே மையத்தில் அமையாவிட்டால் பெடல் துடிக்கும். இது உயிர் சார்ந்த பாகம். புதிய டிரம்மே வாங்குங்கள்; உங்கள் காருக்கு பேரிங் பொருத்திய டிரம் கிடைத்தால் இன்னும் நல்லது. தனியாக வாங்கினால், அவுட்டர் ரேஸின் மேல் மட்டும் அழுத்தம் விழும்படி பிரஸ் செய்யச் சொல்லுங்கள். பழைய அவுட்டர் ரேஸை ஒரு பக்கம் பிளந்து அதையே அழுத்தும் வளையமாக வைத்துக்கொண்டால், அளவும் பொருந்தும், உள்ளே சிக்கிக்கொள்ளவும் செய்யாது. சர்க்ளிப் (பேரிங் நகராமல் தடுக்கும் கம்பி வளையம்) தன் காடியில் முழுமையாக அமர வேண்டும். நட் புதியதாக இருக்க வேண்டும். வண்டியைத் தரையில் இறக்குவதற்கு முன்பே, டிரம்மைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால், பேரிங்கின் காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரை நோக்கி இருக்கிறதா என்று பிரஸ் செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். திருப்பிப் போட்டுவிட்டால் மறுபடி கழற்ற வேண்டும், அப்படிக் கழற்றிய பேரிங்கை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.