மறுமொழி: ஸ்லாவியக் கரடிக்கு ‘இடக்கரடக்கல்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா.

ரஷ்யம், போலிஷ் முதலிய மொழிகளின் தாயான மூல ஸ்லாவியத்தில் கரடிக்கு மீட்டுருவாக்கியிருக்கும் *மெத்வேதி (உடுக்குறி, எழுத்துச் சான்றில்லாத ஊகவடிவம் என்பதைக் காட்டுவது) என்ற சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும்போது, அதை இடக்கரடக்கலில் சேர்க்கலாம் என்றீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ‘கால் கழுவி வந்தான்’ என்பதுபோல, அவையில் சொல்லக் கூசுவதை மறைப்பது இடக்கரடக்கல். கரடியின் பெயரில் கூச்சம் ஏது? அச்சம்தான். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து சொல்லாமல் விட்டார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கரடியைக் குறிக்கும் சமஸ்கிருத ருக்ஷ, கிரேக்க அர்க்தோஸ், லத்தீன் உர்சுஸ் மூன்றும் ஒரே பழஞ்சொல்லின் வழி வந்தவை. ஸ்லாவியத்தில் அது நிற்கவில்லை. ‘தேனுண்ணி’ என்ற காரணப்பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மெது (தேன்) + ஏத் (உண்). இடையில் வரும் வகரத்தை நண்பர் ஒருவர் உடம்படுமெய் என்றார். இல்லை. ‘திருவடி’யில் உகரம் அப்படியே இருக்க, வகரம் புதிதாகத் தோன்றுகிறது. இங்கே உகரமே வகரமாகத் திரிகிறது, மனு + அந்தரம் ‘மன்வந்தரம்’ ஆவதுபோல. ரிக்வேதம் 1.164இல் பறவைகளுக்கு அடையாக வரும் ‘மத்வத்’ (தேனுண்ணும்) கிட்டத்தட்ட இதே கூட்டு. இந்த வகரத்தை ஏமாந்து பின்சொல்லோடு சேர்த்தால் ‘வேத்’, அதாவது ‘அறி’ என்ற வேராகத் தெரியும். பொருளும் ‘தேனறிந்தது’ என்று கெட்டுவிடும். ரஷ்ய மொழி பேசுபவர்களிலேயே பலர் அப்படிப் பிரிப்பதுண்டு.

இலக்கணம் சுருக்கமாக: ஆண்பால், இகர ஈறு. எழுவாயில் நம் குற்றியலிகரம்போலக் குறுகிய இகரம், ஆறாம் வேற்றுமையில் முழு இகரம். இன்றைய ரஷ்யத்தில் ஆறாம் வேற்றுமை ‘மெத்வேத்யா’ என்று வேறு வாய்பாட்டுக்குப் போய்விட்டது. இந்த வகைப் பெயரைத் தமிழில் ‘இகர ஈற்று ஆண்பால் பெயர்’ என்றாலே போதும், புதுச்சொல் வேண்டாம்.

சரி, அச்சத்தால் வந்த பெயருக்கு என்ன சொல்? நன்னூலார் சொல்லும் மங்கலம் (மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் சொல்வது) நெருங்கி வருகிறது. ஆனால் சுடுகாட்டை நன்காடு என்றாலும் ‘சுடுகாடு’ என்ற சொல் சாகவில்லை. எங்கள் பாட்டி இருட்டியபின் பாம்பைப் ‘பூச்சி’ என்றுதான் சொல்வார். விடிந்தால் அது மறுபடி பாம்பு. ஸ்லாவியர்களுக்குப் பழைய பெயர் விடிந்தும் திரும்பவில்லை. கலைச்சொல் இந்த இழப்பைக் காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆகவே, கைவிடப்பட்ட பழஞ்சொல்லுக்கு ‘விலக்குப் பெயர்’, அதன் இடத்தைப் பிடித்ததற்கு ‘அச்சப் பதிலி’ என இரண்டையும் முன்வைக்கிறேன். முதலில் ‘அச்சமாற்றுப் பெயர்’ என்று எழுதிப் பார்த்தேன். அச்சத்தை மாற்றும் பெயர் என்று படிக்க இடம் தருவதால் விட்டுவிட்டேன்.