ஆபீஸ் லேப்டாப்ல சொந்த ப்ராஜெக்ட் ஃபைலை மறைச்சு வைக்க முடியுமா?

கேள்வி: ஓய்வு நேரத்துல சொந்தமா ஒரு ஆப் எழுதிட்டு இருக்கேன், கோடு எல்லாம் கம்பெனி லேப்டாப்லதான் கிடக்கு, ஃபோல்டரை ஹிட்டன் பண்ணிட்டா ஐடி டீம் கண்ணுல படாம இருக்குமா?

பதில் 1: ஹிட்டன்லாம் சும்மா பேருக்குதாங்க. அட்மின் அக்சஸ் அவங்க கையில. பிட்லாக்கர் (விண்டோஸ்ல டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) ரெக்கவரி கீயும் பெரும்பாலும் அவங்ககிட்டதான் இருக்கும்.

பதில் 2: வெராகிரிப்ட்னு ஒரு சாஃப்ட்வேர்ல பாஸ்வேர்டு போட்டுப் பூட்டின கன்டெய்னர் ஃபைல் போடலாம், ஆனா மவுன்ட் பண்ணின (பாஸ்வேர்டு குடுத்துத் திறந்த) நிமிஷமே அது ஒரு சாதாரண டிரைவ் மாதிரி திறந்து கிடக்கும், கண்காணிக்கிற சாஃப்ட்வேர் ஓடுச்சுன்னா அதுவும் படிச்சிரும்.

பதில் 3: முதல்ல வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க ப்ரோ. கம்பெனி மெஷின்ல எழுதினது கம்பெனிக்கே சொந்தம்னு நிறைய ஒப்பந்தத்துல இருக்கும், அதுதான் பெரிய தலைவலி. இனிமே சொந்த லேப்டாப்ல எழுதுங்க. பழைய கோடை மொத்தமா பென்டிரைவ்ல அள்ளாதீங்க, டேட்டா வெளிய போகுதுன்னு அலர்ட் அடிக்கலாம், மேனேஜர்கிட்ட சொல்லிட்டே எடுங்க.