எடின்பரோவில் 15 நாள், ஒரு நாய், ஒரு பூனை: நடந்தே ஊர் பார்க்கலாமா?

மதுரைக்காரி

வணக்கம். லீட்ஸில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா எடின்பரோவில், ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியில் இருக்கிறார். நவம்பரில் 15 நாள் வெளியூர் போகிறார். அவருடைய வீட்டையும், பதினோரு வயது லாப்ரடாரையும், யாரையும் மதிக்காத ஒரு பூனையையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகையும் இல்லை, சம்பளமும் இல்லை. லீவு மிச்சம் கிடந்தது, சரி என்றுவிட்டேன்.

நாயை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக்கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுமாம். டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடமெல்லாம் இன்னொரு முறை ஆகட்டும். நாயோடு நடக்க எங்கே நன்றாக இருக்கும்? சின்ன வயதில் தெருநாய்க்குச் சோறு வைத்ததோடு சரி, கயிறு பிடித்து நடந்த அனுபவம் எனக்கில்லை.

கைலியும் கில்ட்டும்

தங்கச்சி, அந்த ஊரில் ஆறு வருடம் இருந்தேன். ஸ்டாக்பிரிட்ஜ் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். வாட்டர் ஆஃப் லீத் என்கிற சிற்றாறு பக்கத்திலேயே ஓடுகிறது. கரைப் பாதையில் மேல்நோக்கி நடந்தால் டீன் பாலத்தின் அடியில் போவீர்கள். தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டியது, நூறடிக்கு மேல் உயரம். அதைத் தாண்டினால் டீன் வில்லேஜ், ஒருகாலத்தில் மாவு மில்கள் ஓடிய இடம். இன்னும் போனால் ஆற்றுக்குள் இரும்பு மனிதன் ஒருவன் நிற்பான். ஆன்டனி கார்ம்லி செய்த சிலை. லீத் துறைமுகம் வரை அவனுக்குக் கூட்டாளிகள் உண்டு. நான் கூட்டிப்போன நாய் அவனைப் பார்த்துப் பத்து நிமிடம் குரைத்தது.

தாவரவியல் பூங்காவுக்குள் நாயை விடமாட்டார்கள். எதிரிலேயே இன்வர்லீத் பார்க் இருக்கிறது, அங்கே போங்கள். ஆர்தர்ஸ் சீட் என்கிற மலை 251 மீட்டர். கிழட்டு நாயை இழுத்துக்கொண்டு ஏறவேண்டாம். நீங்கள் மட்டும் பஸ் பிடித்துப் போனால் நாலு மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம். நவம்பரில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.

பழைய நகரத்தில் மேப்பை நம்பாதீர்கள். அங்கே தெருவுக்கு மேல் தெரு. சவுத் பிரிட்ஜ் என்கிற தெருவே ஒரு பாலம்தான், ஆனால் 19 வளைவுகளில் ஒன்றுதான் வெளியே தெரியும், மற்றவை கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டன. அதற்குக் கீழே போகும் கௌகேட் தெருவுக்கு வந்துவிட்டீர்கள் என்று போன் சொல்லும். நீங்கள் அதன் தலைக்கு மேலே நின்றுகொண்டு தெருவைத் தேடுவீர்கள்.

அப்புறம், வெடிச்சத்தம் என்றீர்களே! கோட்டையில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். துறைமுகத்துக் கப்பல்களுக்கு நேரம் காட்ட 1861இல் தொடங்கிய வழக்கம். அந்த நேரத்தில் நாயோடு பிரின்சஸ் தெருப் பக்கம் போகாதீர்கள்.

நெல்லை அல்வா

சம்பளமில்லாமல் நாய் மேய்க்க லீவு போடும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் 😄

லீத் சித்தி

அல்வா தம்பி, அங்கே 15 நாள் ஹோட்டல் வாடகை என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மதுரைக்காரிக்கு: நம் வீட்டுச் சாப்பாட்டை அதற்குப் போடாதேம்மா. வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகாது, அதனால் சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். பாயசத்தில் போடும் திராட்சை இன்னும் மோசம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். லாப்ரடார் கண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதே. நாய் வெளியே போனால் அதை அள்ளுவதற்குப் பை எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும். அள்ளாமல் வந்தால் 80 பவுண்ட் அபராதம். ஏதாவது என்றால் எந்த டாக்டரிடம் போவது, பணம் யார் கட்டுவது என்று அந்த அம்மாவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

மதுரைக்காரி (ஆறாம் நாள்)

எல்லோருக்கும் நன்றி. முதல் நாளே கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே, நானும் நாயும் மாடிப்படியில், என் காலில் வீட்டுச் செருப்பு. கீழ்வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருந்ததால் பிழைத்தேன்.

அண்ணா, உங்கள் இரும்பு மனிதனை இந்தக் கிழவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற ஆள் போலிருக்கிறது! வழியை முடிவு செய்வதும் அவன்தான். நேற்று ஆற்றங்கரைக்குத் திருப்பினால் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அவன் போக்கில் விட்டேன், காலனிஸ் என்கிற குறுந்தெருக்களுக்குள் கூட்டிப்போனான். 1860களில் கட்டடத் தொழிலாளிகள் கூட்டுறவு சேர்த்துக் கட்டத் தொடங்கிய வீடுகள். மேல்வீட்டுக்கு வெளிப்படி ஏறிப் போக வேண்டும், கீழ்வீட்டு வாசலோ அடுத்த தெருவில். பக்கச் சுவர்களில் அவர்கள் வேலைக் கருவிகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுத்தியலும் உளியும் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன். அவன் அதற்குள் நாலு படிகளை மோந்து முடித்துவிட்டான்.

ஒரு சந்தேகம். ஆறு நாளாகப் பூனையைக் கண்ணால் பார்க்கவில்லை. தட்டு மட்டும் காலியாகிறது. இது சகஜமா?

லீத் சித்தி

சகஜம்தான். தட்டைக் காலி செய்வது லாப்ரடார் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்.