எங்கப்பா குரல் என் வாயில இருந்து வருது, இத மாத்த முடியுமா?

பனியன்காரன்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் செஞ்சிட்டு இருந்தேன், எழுதுறது இதான் மொத தடவ. திருப்பூர்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன், வயசு 41. போன வாரம் என் பொண்ணு (மூணாவது படிக்கிறா) என் ஃபோன்ல ரெக்கார்டர போட்டு பாட்டு பாடிட்டு இருந்தவ, நிறுத்தாம அப்படியே டேபிள்ல வெச்சிட்டு கணக்கு போட உக்காந்துட்டா போல. 17 x 4 தப்பா போட்டதுக்கு நான் வந்து கத்துன கத்து மொத்தமும் பதிவாயிருச்சு. ராத்திரி கேட்டேங்க. சத்தியமா அது என் குரல் இல்ல, செத்துப்போன எங்கப்பா குரல். "எத்தன தடவ சொல்றது"ன்னு அந்த 'எத்தன'ல ஒரு இழுவ இழுப்பாரு, அதுகூட அச்சு அசல். சின்ன வயசுல அந்த சத்தத்துக்கு பயந்து மாட்டுக்கொட்டாய்ல போயி உக்காந்துக்குவேன். இதுல பாப்பா சத்தமே இல்ல, நடுவுல ஒரே ஒரு தடவ மூக்க உறிஞ்சுறது மட்டும் கேக்குது.

21 நாள் விடாம இருந்தா பழக்கம் மாறிடும்ங்கறாங்க, நான் நாலாவது நாளே கத்திட்டேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்ங்கறது இதான் போல. உண்மையிலயே மாறுனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வெட்டிஆபீசர்:
அடிக்கலையே ப்ரோ, கத்துனது தானே. நாங்கல்லாம் புளிய மிளாறு அடி வாங்கி வளந்தவங்க, நல்லா தான இருக்கோம்.

பனியன்காரன்:
நல்லா இருக்கோமான்னு தாங்க எனக்கே சந்தேகம்.

நகம்வளத்தவ:
நான் மாறுனேன் ப்ரதர், ஆனா என் கேஸ் வேற, நகம் கடிக்கறது. ரெண்டாவது படிக்கறப்போ ஆரம்பிச்சது 33 வயசு வரைக்கும், வேப்பெண்ணெய் தடவுனா அதையும் சேத்து கடிப்பேன். கடைசியா ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம் கிட்ட போனேன், அவங்க மொத வாரம் நிறுத்தவே வேணாம்மா, கை வாய்க்கு போறப்பல்லாம் நோட்டுல ஒரு கோடு மட்டும் போடுன்னாங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ இருக்கும்னு நெனச்சேன், மொத நாளே 38 கோடு! அப்புறம் தான் தெரிஞ்சது, கடிக்கறதுக்கு முன்னாடியே என் கட்டைவிரல் மத்த நகத்த ஒவ்வொண்ணா தடவி எங்க சொரசொரப்பா இருக்குன்னு தேடுது. அது இத்தன வருஷமா எனக்கே தெரியாது. அந்த தேடல் ஆரம்பிச்ச உடனே கைய இறுக்கி மூடிக்கோ, ஒரு நிமிஷம் போல அப்படியே வெச்சிரு, அவ்வளவு தான் வைத்தியம். 1973ல அஸ்ரின், நன்னுன்னு ரெண்டு அமெரிக்காக்காரங்க கண்டுபிடிச்ச முறையாம் இது. நீங்களும் கத்தக்கூடாதுன்னு சபதம்லாம் எடுக்காதீங்க, கத்துறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உங்க உடம்பு என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க.

கணக்குப்புள்ள:
அந்த 21 நாள் கதைய நம்பி மனச விடாதீங்க சார். மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது முகம் பழக கொறஞ்சது 21 நாளாச்சும் ஆகுதுன்னு 1960ல எழுதுனாரு, அதுல 'கொறஞ்சது'ங்கற வார்த்தைய மட்டும் கழட்டி விட்டுட்டு மீதிய ஊரெல்லாம் பரப்பிட்டாங்க. லண்டன் யூசிஎல் யுனிவர்சிட்டில 96 பேர வெச்சு பண்ண ஆராய்ச்சி 2009ல வந்துச்சு, அதுல நடுவாந்தரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும் போகுது. நடுவுல ஒரு நாள் விட்டாலும் பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. ஆனா ஒண்ணு, அவங்க பாத்தது சாப்பாட்டோட பழம் சாப்பிடறது, தண்ணி குடிக்கறது மாதிரி புது பழக்கம் தான். கோவத்துக்கு இந்த கணக்கு அப்படியே ஒத்து வரும்னு நான் சொல்ல மாட்டேன்.

பனியன்காரன்:
ஒம்பது நாள் கழிச்சு வரேங்க. நகம் அக்கா சொன்ன மாதிரி கோடு போட்டேன், மொத்தம் ஏழு. அதுல அஞ்சு ராத்திரி ஏழரைல இருந்து எட்டு மணிக்குள்ள, அந்த அஞ்சு நாளும் மத்தியானம் சரியா சாப்பிடல, துணிக்கு சாயம் போடறதுல கேட்ட கலர் வரலைன்னு ஆர்டர் குடுத்த பையரோட மல்லுக்கட்டிட்டு நேரா வந்து பாப்பாவோட கணக்கு நோட்டு முன்னாடி உக்காந்திருக்கேன். இது கூட பரவால்ல.

கத்துறதுக்கு முன்னாடி நான் வாட்ச்ச கழட்டி டேபிள்ல வெக்கறேங்க. ஏழுல ஆறு தடவ. எங்கப்பா அடிக்கறதுக்கு முன்னாடி தான் வாட்ச்ச கழட்டுவாரு, கண்ணாடி ஒடஞ்சிடும்னு. நான் அவள தொட்டது கூட இல்ல, ஆனா கை மட்டும் அத ஞாபகம் வெச்சிருக்கு.

நகம்வளத்தவ:
ஐயோ. சரி, அதான் உங்க கட்டைவிரல். வாட்ச்ல கை போன உடனே எந்திரிச்சு அந்த ரூம விட்டு வெளிய போயிடுங்க, அவகிட்ட சொல்லிட்டு போங்க, இல்லன்னா அதுக்கும் பயப்படுவா.

பனியன்காரன்:
நேத்தும் கழட்டுனேன் அக்கா. பாதி கழட்டுனப்புறம் தான் உறைச்சது. "அப்பா சாப்பிட்டு வரேன்"னு சொல்லிட்டு கிச்சன்ல நின்னே ரெண்டு வாழப்பழம் சாப்டேன். திரும்பி வந்து பாத்தா அவளே அழிச்சிட்டு வேற போட்டிருக்கா, சரியா இருந்துச்சு. சரிதான் பாப்பான்னேன். தலைய ஆட்டுனா, இன்னும் நிமிந்து பாக்க மாட்டேங்கறா.