எத்தனை அடி என்பதா கேள்வி?

தம்பி: நேற்று இந்தக் குழுவில் வந்த வீடியோவை இப்போதுதான் பார்த்தேன். இயேசுவுக்கு எத்தனை அடி விழுந்தது, சதை எப்படிக் கிழிந்தது, ஆணி எந்த நரம்பில் இறங்கியது என்று ஒன்று விடாமல் விவரிக்கிறார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

தம்பி: ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைவிட நீண்ட நாள் சித்திரவதைப்பட்டுச் செத்தவர்கள் சரித்திரத்தில் ஏராளம். அவர் தொங்கியது சில மணி நேரம். வலியின் அளவுதான் நம்மை மீட்டது என்றால் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

அத்தை: தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. கேள்டா.

அக்கா: அந்த வீடியோவில் 39 அடி என்று அடித்துச் சொல்கிறார்கள் இல்லையா, அந்த எண் நான்கு சுவிசேஷங்களிலும் கிடையாது. 40 என்ற வரம்பு யூதச் சட்டத்தில் வருவது, அதில் ஒன்று குறைத்து அடிப்பார்கள். அப்போஸ்தலனாகிய பவுல், தான் ஐந்து தரம் அப்படி வாங்கியதாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். இயேசுவை வாரினால் அடித்தவர்கள் ரோமச் சேவகர்கள், அந்த வரம்பு அவர்களைக் கட்டாது.

பெரியப்பா: சரியாகச் சொன்னாய் மகளே. அடிகளை எண்ணுவது சுவிசேஷக்காரர்களின் வேலையாகவே இல்லை. மாற்கு 15-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், சிலுவையில் அறைந்தார்கள் என்பதை ஒரே வீச்சில் சொல்லிவிட்டு அவருடைய வஸ்திரத்துக்குச் சீட்டுப் போட்ட இடத்துக்குப் போய்விடுகிறார். ஆணி என்ற சொல்கூடச் சிலுவைக் காட்சியில் வராது, உயிர்த்தெழுந்த பிறகு சீஷனாகிய தோமா சந்தேகப்பட்டுப் பேசும்போதுதான் யோவானில் வருகிறது. அதே மாற்கு, பரிகாசத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் பாருங்கள். சிவப்பங்கி, முள்முடி, கோலால் தலையில் அடித்தது, துப்பியது, வழியில் போனவர்கள் தலையைத் துலுக்கினது, பிரதான ஆசாரியர்கள் "மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை" என்றது, கூடச் சிலுவையில் தொங்கினவர்கள் நிந்தித்தது. அவருக்கு முக்கியமாகப் பட்டது அவமானம்.

நான்: அன்றைக்குப் படித்தவர்களுக்குச் சிலுவை எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லையே. ஸ்பார்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கிய பிறகு, கி.மு. 71-ல், கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரமாக 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1968-ல் எருசலேமுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறையில் குதிகால் எலும்பு கிடைத்தது, இரும்பு ஆணி அதிலேயே இருந்தது. அந்த மனிதனும் அதே வலியை அனுபவித்திருப்பான்தானே.

தம்பி: அதைத்தான் நானும் கேட்கிறேன். அவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

பெரியப்பா: யார் அங்கே தொங்குகிறார் என்பதுதான் வித்தியாசம், தம்பி. சிலுவை என்பது அடிமைக்கும் கலகக்காரனுக்கும் வைத்த சாவு. ரோமக் குடிமகனுக்குப் பெரும்பாலும் அதைக் கொடுக்கமாட்டார்கள். யூதர்களுக்கோ, மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21-ல் எழுதியிருக்கிறது. அரசாங்கமும் கைவிட்டது, மதமும் கைவிட்டது, சீஷர்களும் ஓடிவிட்டார்கள். மனுஷன் இறங்கக்கூடிய கடைசிப் படி அது. அந்தப் படியில் வந்து நிற்பவர் தேவனுடைய குமாரன் என்று நாம் அறிக்கையிடுகிறோம். பவுல் இதை ஒளித்து வைக்கவே இல்லை, சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று வெளிப்படையாக எழுதுகிறார். வலியை அளந்து பார்த்தால் இது பிடிபடாது.

தம்பி: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏன் சாக வேண்டும்? தேவன் மன்னிக்க நினைத்தால் மன்னித்துவிடலாமே. நம்மிடம் மட்டும் ஏழெழுபது தரம் சும்மா மன்னிக்கச் சொல்கிறார்.

அத்தை: சும்மா மன்னிப்பது என்று ஒன்று இல்லைடா. ஒருத்தி உன்னைப் பற்றிப் பொய் சொல்லி உன் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள். நீ அவளை மன்னித்தால் என்ன ஆகிறது? கெட்ட பெயர் தானாகப் போய்விடாது. அந்த அவமானத்தை அவள்மேல் திருப்பாமல் நீயே சுமக்கிறாய். ராத்திரி தூக்கம் போவது உனக்குத்தான். எவ்வளவு பெரிய துரோகமோ அவ்வளவுக்கு மன்னிக்கிறவனுக்கு வலிக்கும். சிலுவையில் நான் பார்ப்பது அதைத்தான், மன்னிக்கிறவருக்கு ஆன செலவு.

அக்கா: அத்தை, இதை நான் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

தம்பி: அத்தை சொல்வது புரிகிறது. ஆனால் ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொன்னது வேறு. பிதாவுக்குக் கோபம், யாரையாவது தண்டித்தே ஆக வேண்டும், நம்மை விட்டுவிட்டுக் குற்றமில்லாத மகனை அடித்துத் தீர்த்துக்கொண்டார். சின்ன வயதில் அதைக் கேட்டு எனக்குப் பிதாவிடம் பயம்தான் வந்தது, இயேசுவிடம் பரிதாபம். இருவரும் ஒரே தேவன் என்பது மனதில் ஒட்டவே இல்லை.

பெரியப்பா: உனக்கு அப்படித் தோன்றியது நியாயம்தான். அப்படிச் சொல்லிக் கொடுத்தது பிழை, வேதம் அப்படிச் சொல்லவில்லை. பிதா ஒரு பக்கம், குமாரன் மறுபக்கம் என்று பிரித்து வைத்தால், பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவமே போய்விடும். தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5-ல் இருக்கிறது. செய்கிறவரும் தேவன், சுமக்கிறவரும் தேவன். யோவான் 10-ல் இயேசுவே சொல்கிறாரே, என் ஜீவனை ஒருவனும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, நானே அதைக் கொடுக்கிறேன் என்று.

தம்பி: பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் மட்டும் இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று கேட்டாரே?

பெரியப்பா: கேட்டார். கேட்டதால்தான் அது உண்மையான சம்மதம். சாவைத் தேடிப் போகிற ஆள் அப்படிக் கேட்கமாட்டான். அவருக்கு வாழ ஆசை இருந்தது, பயம் இருந்தது, வியர்வை ரத்தத்தின் பெருந்துளிகளைப்போல் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார், அப்படி இருந்தும் உம்முடைய சித்தம் ஆகட்டும் என்றார். ஓடிப்போக அந்த ராத்திரியில் நேரமும் இருட்டும் இருந்தது, அவர் ஓடவில்லை.

அக்கா: தம்பி, நீ கேட்பதை ஆதிச் சபையின் போதகர்களான சபைப் பிதாக்களே கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்து மீட்கும் பொருளாகத் தம்மைக் கொடுத்தார் என்றால் அதை யாருக்குக் கொடுத்தார்? பிசாசுக்கு என்று சிலர் சொன்னார்கள். 4-ஆம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார் அதை வன்மையாக மறுத்தார், கொள்ளைக்காரனுக்குத் தேவனையே விலையாகக் கொடுப்பதா என்று. சரி பிதாவுக்கா என்றால், நம்மைச் சிறைப்பிடித்தது பிதா இல்லையே என்கிறார். 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறையியலாளர் ஆன்செல்ம் வேறு வழியாக வந்தார், தேவனுக்குச் செலுத்த வேண்டிய கனத்தை மனுஷன் செலுத்தத் தவறினான், கடன் மனுஷனுடையது, தீர்க்கும் வலிமை தேவனிடம் மட்டும், ஆகவே இரண்டுமாக இருக்கிற ஒருவர் வேண்டும் என்று. அடுத்த தலைமுறையில் அபெலார், சிலுவையில் தெரிகிற அன்பு நம் மனதைத் திருப்புகிறது என்பதை அழுத்தினார். திருச்சபைகள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான நிசேயா விசுவாசப் பிரமாணம் "நமக்காக" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது, அது எப்படி நடந்தது என்ற விளக்கத்துக்குள் போகவில்லை. எனக்கு ஆதிச் சபையில் இருந்த வெற்றி என்ற பார்வைதான் மனதுக்கு நெருக்கம், பாவத்தையும் மரணத்தையும் அவற்றின் கோட்டைக்குள்ளேயே போய் முறியடித்தார் என்பது. தண்டனை என்ற பேச்சையே விட்டுவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: அங்கே நான் உன்னோடு வரமாட்டேன் மகளே. ஏசாயா 53-ல் ஆக்கினை, அதாவது தண்டனை, அவர்மேல் வந்தது என்று இருக்கிறது, அதைக் கிழித்துப் போட முடியாது. பாவத்துக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். பிள்ளைகளைக் கொன்றவனுக்கும் ஏழையின் நிலத்தைப் பிடுங்கினவனுக்கும் தீர்ப்பே இல்லாத தேவன் எப்படி நல்லவராக இருப்பார்? அந்தத் தீர்ப்பை நீதிபதியே தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் என் நம்பிக்கை. தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த விதம் தவறு, அதற்காக அந்த வசனத்தையே தள்ளிவிடக் கூடாது.

அக்கா: நீதிபதியே ஏற்றுக்கொண்டார் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு மறுப்பில்லை பெரியப்பா. மூன்றாவது ஆள் ஒருவரை இழுத்து வந்து அடித்ததுபோல் சொல்லும்போதுதான் தாங்கவில்லை.

நான்: அந்த வீடியோவில் இன்னொன்றும் உறுத்தியது. யூதர்கள் கொன்றார்கள், யூதர்கள் கொன்றார்கள் என்று திரும்பத் திரும்ப வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் அவருடைய சாவோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படுவது ரோம ஆளுநர் போந்தியு பிலாத்து ஒருவன்தான். மரியாள், யோவான், பேதுரு, பவுல், இயேசுவே யூதர்தான். அந்தப் பழியைச் சொல்லி நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களைக் கொன்றிருக்கிறார்கள். அன்றைக்கு நடந்ததை எல்லா யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதியே வைத்துவிட்டது. பெரிய வெள்ளியில் நம்முடைய பாவத்தை நினைக்க வேண்டிய இடத்தில் இன்னொரு ஜனத்தைக் கைகாட்டுவது பயங்கரம்.

அத்தை: சரியான பேச்சு.

அத்தை: நான் ஒன்று எழுதுகிறேன், நீளமாகப் போகும். மாமா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். தேவன் சோதிக்கிறார், தேவன் புடமிடுகிறார், ஏதோ ஒரு பாடம் இருக்கிறது என்று. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் உள்ளே போகவில்லை. ஜெபிக்க வார்த்தையும் வரவில்லை. அப்போது "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அது அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பயந்தேன். அப்புறம்தான் உறைத்தது, இது அவரே சொன்ன வார்த்தையாயிற்றே. பதில் வராத ஜெபத்தை அவரும் ஜெபித்திருக்கிறார், மத்தியானம் தொடங்கி மூன்று மணி நேரம் இருட்டு, பரலோகத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. யோர்தானில் ஞானஸ்நானத்தின்போது "இவர் என் நேச குமாரன்" என்று கேட்ட சத்தம், மறுரூப மலையில் கேட்ட சத்தம், சிலுவை நின்ற கொல்கொதாவில் கேட்கவில்லை. எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை, துணை கிடைத்தது.

தம்பி: அத்தை, இதை நீங்கள் இதுவரை சொன்னதே இல்லையே.

அத்தை: யாரும் கேட்கவில்லைடா.

பெரியப்பா: அந்த வரி 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. முழுவதும் வாசித்தால், உபத்திரவப்பட்டவனுக்குத் தேவன் தம்முடைய முகத்தை மறைக்கவில்லை என்று 24-ஆம் வசனத்தில் வந்து சேரும். இப்படிச் சொல்வதால் அந்தக் கூப்பிடுதல் வெறும் மனப்பாடம் என்று யாரும் எண்ண வேண்டாம், அவர் உண்மையாகவே கைவிடப்பட்டவராகக் கதறினார். கதறியதும் "என் தேவனே" என்றுதான்.

தம்பி: ஒன்று கேட்கிறேன். அவர் கூட இருக்கிறார் என்பது ஆறுதல்தான். ஆனால் கூடச் சாகிறவர் மட்டும் போதுமா?

பெரியப்பா: போதாது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதுகிறார். மூன்றாம் நாள் இல்லையென்றால் இது இன்னொரு நல்லவரின் சாவு, அவ்வளவுதான். ஆனால் எழுந்தவரின் கையில் காயம் அப்படியே இருந்தது, தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பட்ட பாடு அழிந்துபோகவில்லை, அதற்கு அவர்மேல் இருந்த ஆட்சிதான் போனது.

அக்கா: இவ்வளவு நல்லதாகப் பேசும்போது ஒரு கசப்பான விஷயமும் சொல்லியாக வேண்டும். என் தோழி ஒருத்தி, பெயர் வேண்டாம், புருஷன் கையால் பல வருஷமாக அடி வாங்குகிறாள். சபையில் மூத்தவர் ஒருவரிடம் போய் அழுதிருக்கிறாள். "இது உன் சிலுவை மகளே, இயேசு வாய் திறக்காமல் சுமந்தார், நீயும் சும" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து சிலுவை என்றாலே அவளுக்கு அந்த அடிதான் ஞாபகம் வருகிறது.

நான்: கடவுளே.

பெரியப்பா: அப்படிச் சொன்னவர் வேதத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். நாசரேத்தில் மலையின் செங்குத்தான இடத்திலிருந்து தள்ளிவிட வந்தபோது இயேசு அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார், லூக்கா 4. ஆலயத்தில் கல்லெறிய வந்தபோது மறைந்து வெளியேறினார், யோவான் 8. பிரதான ஆசாரியன் வீட்டில் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியது தகாதது என்றால் எது என்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார், யோவான் 18:23. அவர் விரும்பி ஏற்ற சிலுவையை, யாரும் கேட்காமல் ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட எவனுக்கும் அதிகாரம் இல்லை. தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்றது, அவருக்காகவும் சுவிசேஷத்துக்காகவும் வருகிற பகையைப் பற்றி. குடித்துவிட்டு அடிக்கிறவனைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை இல்லை அது.

அத்தை: அந்த வீட்டில் அடிக்கிறவன் யார் பக்கம் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும் அண்ணா. வாரைக் கையில் வைத்திருக்கிறவன் சேவகன் பக்கம். அடிபடுகிறவள் பக்கத்தில்தான் கர்த்தர்.

அக்கா: இதை அவளுக்கு அனுப்பட்டுமா? நீங்கள் இருவரும் எழுதியதை அப்படியே.

பெரியப்பா: அனுப்பு. ஆனால் வசனம் அனுப்பியதோடு விட்டுவிடாதே. அவள் பத்திரமாக இருக்க ஓர் இடம் வேண்டும், போலீசுக்குப் போவதென்றால் கூட ஆள் வேண்டும். நம் வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா: அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டாள், இன்னும் பதில் எழுதவில்லை. நாளைக்குக் காலையில் அவன் வேலைக்குப் போன பிறகு நேரிலேயே போகப்போகிறேன்.

அத்தை: தனியாகப் போக வேண்டாம். நானும் வருகிறேன்.